உங்கள் கணனி யாரை நம்பியிருக்கிறது?



கடை என்று ஒன்று இருந்தால் கடன் கொப்பி என்று ஒன்று இருக்கும். கல்முனை பஸாரில் எங்கள் வாப்பா புடவைக் கடை நடத்திய காலத்தில் அவரிடம் இரண்டு கொப்பிகள் இருந்தன. ஒன்றில் யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு இருக்கும். மற்றது மெல்லிய கொப்பி. அதில் தொகை எதுவும் இராது, பெயர்கள் மட்டும்தான். அந்தப் பெயருக்குரியவர் வந்து கேட்டால் வாப்பாவைக் கேட்காமலே கடைப் பையன் சாமான் கட்டிக் கொடுக்கலாம். மருதமுனையில் தறி வைத்திருந்த இருவர், நிந்தவூர் ஆசிரியர் ஒருவர், சம்மாந்துறைப் போடியார் ஒருவர் என்று இருபது பெயருக்கு மேல் அதில் இருந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் நோன்புப் பெருநாள் வியாபாரம் தொடங்க முன்னர் வாப்பா அந்தக் கொப்பியை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். சிலவற்றை வெட்டுவார், சிலவற்றைப் புதிதாக எழுதுவார்.

அந்த மெல்லிய கொப்பியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கணனிக்குள்ளும் அப்படி ஒரு கொப்பி இருக்கிறது. அதைத் திறந்து வாசிப்பதற்கென்றே ஒரு கட்டளையும் இருக்கிறது. நம்மில் எத்தனை வியாபாரிகள் அதை ஒரு தடவையாவது வாசித்திருக்கிறோம்? நானும் 2021ஆம் ஆண்டு வரை வாசித்ததில்லை. அதனால் ஒரு நாள் காலையில் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

நடந்தது என்ன?

2016இல் கொழும்பு வியாபாரி ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து மொத்த வியாபாரம் தொடங்கினேன். அவர் காரியாலயத்தில் ஒரு சேர்வர், என் களஞ்சியத்தில் ஒரு சேர்வர். இருப்பு விபரம், விலைப் பட்டியல், வாடிக்கையாளர் கணக்கு எல்லாம் இரண்டு பக்கமும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்டோம். வந்த தொழில்நுட்பவியலாளர் இரண்டு இடத்தையும் இணையத்தின் ஊடாக ஒரு தனிப் பாதையால் இணைத்து, “இனி ரெண்டும் ஒன்றையொன்று நம்பும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வசனத்தின் பொருளை அன்று நான் கேட்கவில்லை.

2019இல் கூட்டு முடிந்தது. சண்டை சச்சரவு இல்லை. கணக்குப் பார்த்தோம், கையொப்பம் வைத்தோம், முஸாபஹா செய்து பிரிந்தோம். பெயர்ப் பலகை மாறியது, காசோலைப் புத்தகம் மாறியது, ரப்பர் முத்திரையும் மாறியது. கணனியை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

2021இல் ஒரு நாள் சுபஹுக்குப் பிறகு பழைய கூட்டாளி தொலைபேசியில் பேசினார். அவர் காரியாலயத்துக் கணனிகள் எல்லாம் பூட்டப்பட்டு, கப்பம் கேட்டு ஒரு கடிதம் திரையில் நிற்பதாகச் சொன்னார். அனுதாபம் சொல்லிவிட்டு வைத்தேன். எங்கள் ராத்தாவின் மகன் சாய்ந்தமருதில் இருக்கிறான், வலையமைப்பு வேலை தெரிந்தவன். ஒரு பேச்சுக்காக அவனிடம் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: “மாமா, அவங்கட சேர்வரை உங்கட சேர்வர் இன்னும் நம்புதா?”

“தெரியா மகன்” என்றேன்.

“முதல்ல இணைய வயரைக் கழட்டுங்க. நான் வாறன்” என்றான்.

பத்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். சேர்வர் முன்னால் அமர்ந்து ஒரேயொரு வரி தட்டினான். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. முதலாவது எங்கள் சொந்தப் பெயர். இரண்டாவது, இரண்டு வருடத்துக்கு முன் பிரிந்துபோன கூட்டாளியின் கம்பனிப் பெயர். பக்கத்தில் வரவு, செலவு போல இரண்டு குறிப்புகள்: நாங்கள் அவரை நம்புகிறோம், அவர் எங்களை நம்புகிறார்.

அல்ஹம்துலில்லாஹ், திருடன் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. ஆனால் வாசல் இரண்டு வருடமாகத் திறந்தே கிடந்திருக்கிறது.

டொமைன் என்றால் என்ன?

அன்று மருமகனிடம் படித்ததையும் பின்னர் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வியாபாரிக்கு விளங்கும் பாஷையில் சொல்கிறேன்.

ஒரு காரியாலயத்தில் பல கணனிகள் இருக்கும்போது, யார் யார் உள்ளே வரலாம், அவர்களது கடவுச்சொல் என்ன என்பதை ஒவ்வொரு கணனியிலும் தனித்தனியாக எழுதி வைப்பது தலைவலி. ஆகவே ஒரு சேர்வரில் ஒரே பதிவேடாக வைத்து, மற்றக் கணனிகள் எல்லாம் அதைக் கேட்டு நடக்கும்படி செய்கிறார்கள். அந்தப் பதிவேட்டுக்குக் கட்டுப்பட்ட கணனிகளும் ஆட்களும் சேர்ந்த எல்லைதான் டொமைன். பதிவேட்டை வைத்திருக்கும் சேர்வருக்கு டொமைன் கொன்ட்ரோலர் என்று பெயர். இணையத்தில் முகவரிக்கு வாங்கும் டொமைன் பெயர் வேறு, இது வேறு. இது நமது காரியாலய மதிலுக்குள் இருக்கும் விடயம்.

இரண்டு டொமைன்களுக்கிடையில் நம்பிக்கை ஏற்படுத்துவது என்றால், “உன் பதிவேட்டில் இருப்பவர் என்று நீ சொன்னால் நான் ஏற்றுக்கொள்வேன்” என்று ஒன்று மற்றதற்கு வாக்குக் கொடுப்பது. வாப்பாவின் மெல்லிய கொப்பியில் பெயர் எழுதுவது போலத்தான்.

இதில் மூன்று விடயங்களைக் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, திசை. நான் உங்களை நம்பினால் உங்கள் ஆள் என் கடைக்குள் வரலாம். அதனால் என் ஆள் உங்கள் கடைக்குள் வர முடியாது. நம்பிக்கை போகும் திசைக்கு எதிர்த் திசையில்தான் ஆள் வருவான். இரு பக்கமும் போய் வர வேண்டுமென்றால் இருவழி நம்பிக்கை வேண்டும். எங்கள் தொழில்நுட்பவியலாளர் செய்தது இருவழி. உண்மையில் எங்களுக்குத் தேவைப்பட்டது ஒருவழி மட்டுமே. கொழும்பின் இருப்பை நாங்கள் பார்த்தால் போதுமாயிருந்தது. எங்கள் வாடிக்கையாளர் கணக்கை அவர்கள் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இரண்டாவது, தொடர்ச்சி. நான் உங்களை நம்புகிறேன், நீங்கள் இன்னொருவரை நம்புகிறீர்கள். அப்படியானால் அந்த இன்னொருவரையும் நான் நம்ப வேண்டுமா? வாப்பா இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். “உன்னை நம்பி உனக்குத் தாறன். நீ நம்புறவனுக்கு நீதான் குடுக்கணும்” என்பார். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பழைய வின்டோஸ் என்டி வலையமைப்பில் வாப்பாவின் சட்டமே இருந்தது. ஒவ்வொரு நம்பிக்கையையும் கையால் எழுத வேண்டும், அது மூன்றாம் ஆளுக்குத் தாவாது. ஆனால் 10 டொமைன்கள் ஒன்றையொன்று நம்புவதற்கு, ஒவ்வொன்றும் மற்ற 9ஐயும் நம்புவதாக, 90 நம்பிக்கைகளை எழுத வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு வின்டோஸ் 2000 உடன் அக்டிவ் டிரெக்டரி வந்தபோது இது மாறியது. ஒரே குடும்பமாக அமைக்கப்படும் டொமைன்களை ‘ஃபொரஸ்ட்’, அதாவது காடு என்கிறார்கள். ஒரே காட்டுக்குள் நம்பிக்கை தானாகவே இருவழியாகும், மூன்றாம் ஆளுக்கும் தாவும். வேலை சுலபமானது. அதேநேரம், ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குப் போகும் வழியும் சுலபமானது. பாதுகாப்பின் உண்மையான எல்லை டொமைன் அல்ல, முழுக் காடும்தான் என்று மைக்ரோசொப்ட் நிறுவனமே சொல்கிறது.

மூன்றாவது, உள்ளே வருவது வேறு, பெட்டியைத் திறப்பது வேறு. நம்பிக்கை இருந்தாலும் ஒவ்வொரு கோப்புக்கும் தனி அனுமதி வேண்டும். ஆனால் நம்மில் பலர் சோம்பலில் ‘அடையாளம் உறுதியான எல்லோருக்கும்’ என்று அனுமதி கொடுத்து வைக்கிறோம். நம்பிக்கை கொடுக்கப்பட்ட அடுத்த டொமைனின் ஆட்களும் அந்த ‘எல்லோருக்கும்’ என்பதில் அடங்குவார்கள். எங்கள் விலைப் பட்டியல் அப்படித்தான் கிடந்தது.

பட்டியல் கேட்கும் கட்டளை

இனி அந்த ஒரு வரிக்கு வருவோம். மென்பொருள் எழுதுபவர்களுக்கு வின்டோஸ் பல ஆயத்தக் கட்டளைகளை வைத்திருக்கிறது. அவற்றை ‘ஃபங்ஷன்’ என்பார்கள். கேள்வியைக் கொடுத்தால் பதிலைத் தரும் சிறு கணக்கப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கைப் பட்டியலுக்கென்று பழைய என்டி காலத்திலிருந்து வந்த கணக்கப்பிள்ளையின் பெயர் ‘நெட் எனுமரேட் டிரஸ்டெட் டொமைன்ஸ்’. அது பெயர்களை மட்டும் வரிசையாகத் தரும். வின்டோஸ் 2000 முதல் வந்தது ‘டிஎஸ் எனுமரேட் டொமைன் டிரஸ்ட்ஸ்’. இது விபரமாகப் பேசும்.

இதனிடம் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். எந்தச் சேர்வரின் கொப்பியைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. அதைச் சொல்லாமல் விட்டால் தான் இருக்கும் கணனியிலேயே பார்க்கும். எந்த வகை நம்பிக்கை வேண்டும் என்பது மற்றது. நாம் நேரடியாக நம்பும் டொமைன்களா, நம்மை நேரடியாக நம்பும் டொமைன்களா, ஒரே காட்டில் உள்ளவையா என்று தெரிந்தெடுக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்தும் கேட்கலாம்.

பதிலாக எத்தனை டொமைன் என்ற எண்ணிக்கையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவும் வரும். அந்தப் பதிவில் டொமைனின் சுருக்கப் பெயர், முழுப் பெயர், திசை, காட்டுக்குள் அதன் தாய் டொமைன் எது, என்ன வகை நம்பிக்கை, அது தாவுமா தாவாதா, அந்த டொமைனுக்கென்று உள்ள அடையாள இலக்கம் ஆகியன இருக்கும். பெயரை யாரும் மாற்றலாம். அடையாள இலக்கம்தான் ஆளை உறுதிப்படுத்தும், நமது தேசிய அடையாள அட்டை இலக்கம் போல.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. இந்தப் பட்டியலை எழுதுவதற்கு அந்தக் கட்டளை கணனியின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் எடுத்துத் தருகிறது. வாசித்து முடிந்ததும் ‘நெட் ஏபிஐ பஃபர் ஃப்ரீ’ என்ற இன்னொரு கட்டளையால் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பது கேட்டவரின் கடமை. கொடுக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த மென்பொருள் நினைவகத்தைத் தின்றுகொண்டே போகும். அமானிதம் கணனிக்கும் உண்டு.

மென்பொருள் எழுதத் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. என் மருமகன் தட்டியது ‘என்எல்டெஸ்ட்’ என்ற கருவிக்குரிய ஒரு வரிதான். லினக்ஸ் சேர்வரில் சம்பா என்ற இலவச மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு ‘டபிள்யூபி இன்ஃபோ’ என்ற கருவி இதே வேலையைச் செய்யும்.

திருடனும் இதே பட்டியலைத்தான் கேட்கிறான்

இங்கேதான் கவனம் வேண்டும். இந்தப் பட்டியலைக் கேட்பதற்குப் பொதுவாக நிர்வாகி அதிகாரம் தேவையில்லை. டொமைனில் உள்ள ஒரு சாதாரண ஊழியரின் கடவுச்சொல்லே போதும். ஆகவே கப்பம் கேட்கும் கும்பல்கள் ஒரு கணனிக்குள் நுழைந்ததும் முதல் முதல் செய்யும் வேலைகளில் ஒன்று இந்த வரியைத் தட்டிப் பார்ப்பது. ரியுக், கொன்டி போன்ற பேர்போன கும்பல்கள் அப்படித்தான் செய்தன என்பது பதிவாகியிருக்கிறது. இந்த வீட்டிலிருந்து அடுத்து எந்த வீட்டுக்குப் போகலாம் என்று அவர்களுக்குச் சொல்வது நம்முடைய கொப்பிதான்.

நம்பிக்கை கெட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மெர்ஸ்க் கப்பல் கம்பனி ஓர் உதாரணம். அதன் பெயர் பொறித்த கொள்கலன்களைப் பார்க்காத இறக்குமதி வியாபாரி இருக்க முடியாது. 2017 ஜூன் 27ஆம் திகதி நொட்பெட்யா என்ற அழிவு மென்பொருள் அதைத் தாக்கியது. யுக்ரேனில் பலரும் பாவித்த ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகத்தான் அது உள்ளே வந்தது. நம்பிய கையிலிருந்தே வந்தது. 4,000 சேர்வர்களையும் 45,000 கணனிகளையும் பத்து நாட்களில் மீண்டும் புதிதாக அமைக்க வேண்டி வந்ததாக அக்கம்பனியின் தலைவர் பின்னர் கூறினார். நட்டம் 250 முதல் 300 மில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டது.

உலகெங்கும் அவர்களுக்கு ஏறத்தாழ 150 டொமைன் கொன்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்று அழிந்தால் மற்றது இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள். எல்லாம் ஒரேயடியாக அழிந்தன. கானா நாட்டில் ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு! அந்தப் பதிவேட்டை லண்டனுக்குக் கொண்டுபோகக் கானா ஊழியருக்கு விசா இருக்கவில்லை. ஒருவர் நைஜீரியா விமான நிலையம் வரை கொண்டுபோய் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்ததாகச் செய்தியாளர்கள் எழுதினார்கள். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைத் திட்டிய நமக்கு, மின்வெட்டால் ஒரு கம்பனி பிழைத்த கதையும் இருக்கிறது.

நம் நாட்டையும் பார்ப்போம். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைத் திருடியவர்கள், வங்கிகள் ஒன்றையொன்று நம்பும் சுவிஃப்ட் வலையமைப்பின் வழியாகவே கட்டளைகளை அனுப்பினார்கள். நம்பிய இடத்திலிருந்து வந்த கட்டளை என்பதால் 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன் டொலர், பெறுநரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால் சந்தேகத்தில் நிறுத்தப்பட்டது. ஒரு மனிதர் பெயரை ஒழுங்காக வாசித்ததன் பலன் அது.

2023 ஆகஸ்டில் நமது அரசாங்க மேகக் கணனிச் சேவை கப்பத் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளப் பெற முடியாமல் போயின. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மென்பொருள் பழையதாக இருந்தது, அந்தக் காலப்பகுதிக்கு வலையமைப்புக்கு வெளியே வைத்த பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இப்படியென்றால் நமது களஞ்சியத்துச் சேர்வர் எம்மட்டு?

வியாபாரி செய்ய வேண்டியது

1. சேர்வர் வைத்திருப்பவர்கள் தொழில்நுட்பவியலாளரிடம் நம்பிக்கைப் பட்டியலைக் கேளுங்கள். கடதாசியில் அச்சடித்து, திகதி போட்டு வாங்குங்கள். “எல்லாம் சரியாத்தான் இரிக்கி” என்ற வாய்ச் சொல்லை ஏற்காதீர்கள்.

2. ஒவ்வொரு பெயருக்கும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது யார்? ஏன் நம்பினோம்? எப்போதிலிருந்து? இன்னும் தேவையா? நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அது வெட்ட வேண்டிய பெயராக இருக்கலாம்.

3. திசையைப் பாருங்கள். ஒருவழி போதுமான இடத்தில் இருவழி வேண்டாம். வெளியார் டொமைன் என்றால், அடையாள இலக்கங்களை வடிகட்டும் ஏற்பாடு இயங்குகிறதா என்றும் கேளுங்கள். அடுத்த டொமைனிலிருந்து ஒருவர் உங்கள் நிர்வாகியின் அடையாளத்தைத் தன்னுடையது என்று காட்டி வருவதை அது தடுக்கும்.

4. கூட்டு முறியும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: கணனி நம்பிக்கைகளும் இணைப்புப் பாதைகளும் இன்ன திகதியில் நீக்கப்பட்டன என்று. சட்டத்தரணி இதைக் கேட்க மாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும்.

5. கிழமைக்கு ஒரு தடவையாவது கணக்கை ஒரு வெளி டிஸ்கில் பிரதி எடுத்து, வயரைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். கானாவின் மின்வெட்டு நமக்கும் வாய்க்கும் என்று இருக்க முடியாது.

“எங்களிடம் சேர்வர் கிடையாது, ஒரு போன்தான்” என்று சொல்லும் சிறு கடைக்காரர்களுக்கும் கொப்பி உண்டு. உங்கள் வட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் செய்திகளை வேறு எந்தக் கணனி வாசிக்கிறது என்று அது காட்டும். வேலையை விட்டுப் போன பையனின் கணனி அதில் இன்னும் இருக்கலாம். கூகுள் கணக்கிலும் அப்படியொரு பட்டியல் உண்டு. கடையின் வைஃபை கடவுச்சொல்லைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்றும் யோசியுங்கள்.

கடைசியாக

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கரையோரத்தில் இருந்த எங்கள் வீட்டோடு வாப்பாவின் இரண்டு கொப்பிகளும் போயின. யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு எழுத்தில் எதுவும் மிஞ்சவில்லை. சில மாதங்கள் கழித்து ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து, “வாப்பாக்கு நான் இவ்வளவு குடுக்கணும்” என்று சொல்லி, முடிந்ததைத் தந்தார்கள். வீடிழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வந்தவர்களில் அதிகமானோர் அந்த மெல்லிய கொப்பியில் பெயர் இருந்தவர்கள். வாப்பா வருடா வருடம் வாசித்து வெட்டி எழுதிய பட்டியல் அது.

கணனியின் பட்டியலுக்கு அப்படி ஒரு மனசாட்சி கிடையாது. அது எழுதியதை எழுதியபடி வைத்திருக்கும், யாராவது வெட்டும் வரை. பழைய கூட்டாளிக்கும் நான் அதையே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “உங்கட பெயர் எங்கட பக்கமும் இருந்திச்சு, நானும் எடுத்திட்டன்” என்றார். இப்போதும் பெருநாளைக்கு ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறோம். நம்பிக்கை எங்களுக்கிடையில் இருக்கிறது. சேர்வர்களுக்கிடையில் இல்லை. அதுதான் சரி.

இந்த வாரமே உங்கள் பட்டியலைக் கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.